அரையங்குலக் குழாய்க்கு இரண்டு பூச்சு

பெருந்துறை,
28-12-1995, வியாழக்கிழமை.

என் மரியாதைக்குரிய மச்சான் நஞ்சப்பன் அவர்களுக்கு, பெருந்துறையிலிருந்து அரங்கசாமி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது.

நீங்களும் உங்கள் வீட்டில் அனைவரும் அந்தியூரில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்றுதான் எழுத முடியும், நேரில் பார்க்கவில்லை அல்லவா. ஆடித் திருவிழாச் சந்தையில் நீங்கள் வாங்கிய காளைக்கன்று நன்றாகத் தீனி எடுக்கிறதா? விற்றவன் சொன்ன வயதை அப்படியே ஏற்றுக்கொள்ளாமல் பல்லைப் பிடித்துப் பார்த்தீர்களா? இங்கே நானும் உங்கள் தங்கை கருப்பாத்தாளும் உங்கள் மருமகள் கயல்விழியும் கடவுள் புண்ணியத்தில் நலம். உங்கள் தங்கைக்கு முழங்கால் வலி மட்டும் மார்கழிப் பனியில் கூடியிருக்கிறது. அந்த முழங்காலில் ஆரம்பித்த விஷயம்தான் இந்தக் கடிதம்வரை வந்து நிற்கிறது. பொறுமையாகப் படிக்க வேண்டும்.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், காரணம் பின்னால் வருகிறது. தை ஏழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை நிச்சயத் தட்டம் மாற்ற நாள் குறித்திருக்கிறோமே, அதை நிறுத்த வேண்டும். மாப்பிள்ளை தமிழ்ச்செல்வன் வீட்டுக்கு நீங்களே போய், பெண் வீட்டில் யோசிக்கிறார்கள் என்று பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். இந்த இடத்தைக் கொண்டுவந்தவர் நீங்கள், திருப்பிக் கொண்டுபோய் விடுகிற பொறுப்பும் உங்களுடையதுதான். கயல்விழிக்கு இருபத்தைந்து முடியப் போகிறதே, இதை விட்டால் அடுத்த வரன் எப்போது அமையும் என்று நீங்கள் கேட்பீர்கள். உங்கள் தங்கை தினமும் கேட்கிறாள். கயல்விழி கேட்கவில்லை, பத்து நாளாக என்னோடு பேசுவதே இல்லை. சோற்றைப் போட்டுவிட்டு அக்கட்டத் தள்ளிப் போய்விடுகிறாள். பையனை அவளுக்குப் பிடித்திருக்கிறது என்பது எனக்கும் தெரிகிறது. ஆனால் பிடித்துப்போன பொருளைத்தான் ஜனங்கள் எடை பார்க்காமல் வாங்குகிறார்கள். அதை வேடிக்கை பார்த்துக்கொண்டு நான் சும்மா இருக்க முடியாது.

நான் சும்மா இருக்கும் ஆள் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். முப்பத்தோரு வருஷம் எடையளவு இலாக்காவில் முத்திரை ஆய்வாளராக இருந்தவன். சந்தை சந்தையாகப் போய் ஒவ்வொரு படிக்கல்லையும் தலைகீழாகத் திருப்பி, அடியில் குடைந்து மெழுகு அடைத்திருக்கிறானா என்று பார்த்தவன். உங்கள் தங்கையைப் பெண் பார்க்க வந்தபோது காப்பி டம்ளரைத் தூக்கி அடியைப் பார்த்தேன் என்று உங்கள் வீட்டில் இன்றைக்கும் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அந்த டம்ளரின் அடியில் ஒட்டுப் போட்டிருந்தது, நான் அன்றைக்கு மரியாதைக்காகச் சொல்லவில்லை. ரிட்டயர் ஆகி ஒன்றரை வருஷம் ஆகிறது, ஆனாலும் ஒரு பொருளைக் கண்டால் கை தானாக அதைத் திருப்பிப் பார்க்கப் போகிறது. மாப்பிள்ளை விஷயத்திலும் அப்படித்தான் போயிற்று.

மாப்பிள்ளை கோயமுத்தூரில் இன்ஜினியரிங் படித்துவிட்டு இங்கே தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் இருக்கிறார் என்று சொன்னீர்கள். என்ன வேலை என்று நீங்களும் சொல்லவில்லை, நானும் அப்போது கேட்கவில்லை. பெண் பார்த்துவிட்டுப் போன மறுவாரம் அந்தக் கம்பெனி வாசலுக்கு எதிர்த்த டீக்கடையில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மூன்று நாள் உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் வாட்ச்மேன் டீக்குடிக்க வந்தபோது, எனக்கு ஒன்றும் தெரியாததுபோல, தமிழ்ச்செல்வன் என்று ஒருத்தர் இங்கே இருக்கிறாராமே என்று பேச்சுக் கொடுத்தேன். "அவருங்களா? பைப்புக்குச் சட்டை போடற இன்ஜினியருங்க" என்றார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு விவரம் கேட்டேன். மில்களிலும் சாயப்பட்டறைகளிலும் நீராவி போகிற குழாய் இருக்கிறதாம், அதிலிருந்து சூடு வெளியே ஓடிப்போகிறதாம், எவ்வளவு ஓடுகிறது என்று கணக்குப் போட்டு, ஓடாமல் பஞ்சைச் சுற்றித் தகரம் போர்த்துவது இவர் வேலையாம். கண்ணுக்குத் தெரியாத ஒரு சரக்கு, கண்ணுக்குத் தெரியாமல் போகிறது, அதைக் கண்ணுக்குத் தெரியாமல் இவர் மிச்சம் பிடித்துக் கொடுக்கிறார். மச்சான், என் சர்வீஸில் இவ்வளவு சௌகரியமான யாவாரத்தை நான் பார்த்ததே இல்லை.

இனி முழங்காலுக்கு வருகிறேன். எங்கள் வீட்டுப் பின்கட்டில் செம்பு பாய்லர் இருக்கிறதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அது பின்னால், குளியலறை முன்னால். வெந்நீரைச் சுமக்க உங்கள் தங்கைக்கு முடியவில்லை என்று போன வருஷம் பாய்லரிலிருந்து குளியலறைவரை காம்பவுண்டுச் சுவரை ஒட்டி அரையங்குலக் குழாய் போட்டேன். நாற்பத்தைந்து அடி. தண்ணீர் நூல் மாதிரித்தான் வரும், ஒரு வாளி நிறைய அரைமணி நேரத்துக்கு மேல் ஆகும். பாய்லரில் கையை வைக்க முடியாத சூடு, குளியலறையில் வந்து விழும்போது சுமார்தான். உங்கள் தங்கை இதைப்பற்றி யாரிடம் புலம்பலாம் என்று காத்துக்கொண்டிருந்தாள்போல. கார்த்திகை மாத நடுவில் மாப்பிள்ளை ஒரு மரியாதைக்காக வீட்டுக்கு வந்தபோது அவரிடம் புலம்பிவிட்டாள். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. எழுந்துபோய்க் குழாயைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நாற்பத்தைந்து அடியும் நடந்தார். வேறு மாப்பிள்ளையாக இருந்தால் அந்த நேரத்தில் பெண் எங்கே நிற்கிறாள் என்று பார்ப்பான், இவர் குழாய் எங்கே வளைகிறது என்று பார்க்கிறார். இதுவும் எனக்குச் சரியாகப் படவில்லை.

உள்ளே வந்து தேதித்தாள் ஒன்றைக் கிழித்துத் திருப்பிப் போட்டு, வட்டத்துக்குள் வட்டம் வரைந்து, எனக்குப் பாடம் நடத்தினார். சுவர் நேராக இருந்தால் சூடு போவதற்கு ஒரு கணக்காம், குழாய்மாதிரி உருண்டையாகச் சுற்றியிருந்தால் வேறு கணக்காம். நான் கேட்டேன், ஒரே கொத்தனார், ஒரே சிமெண்டு, ஒரே ஓரங்குலப் பருமன் என்று வைத்துக்கொள்ளுங்கள், அப்போதுமா? ஆமாங்க என்றார். நேர்ச்சுவரில் பூசினால் ஒரு அளவு தடுக்கும், குழாயில் பூசினால் வேறு அளவு தடுக்குமா? ஆமாங்க என்றார். முதல் அங்குலம் தடுப்பதுபோல இரண்டாவது அங்குலம் தடுக்காதாம். இதையெல்லாம் கண்டுபிடிக்க லாகரிதம் என்கிற மடக்கை போட வேண்டுமாம். எஸ்.எஸ்.எல்.சி.யில் மடக்கை அட்டவணையைப் புரட்டியதோடு சரி, அதன்பிறகு எந்தச் சந்தையிலும் எந்த யாவாரியும் மடக்கை போட்டு மிளகாய் நிறுத்ததை நான் பார்த்ததில்லை. மச்சான், ஒரே பொருளுக்கு இரண்டு அளவு வைத்திருப்பவனுக்கு எங்கள் இலாக்காவில் என்ன பெயர் என்று உங்களுக்கே தெரியும். ஒரு சந்தையில், ஊர் பெயர் வேண்டாம், வாங்குவதற்கு ஒரு படியும் விற்பதற்கு ஒரு படியும் வைத்திருந்தவனை நான் கையும் களவுமாகப் பிடித்தேன். அவனும் இப்படித்தான் சிரித்த முகமாக, இது வேற கணக்குங்க என்றான்.

அதோடு விட்டாரா? நான் ஐயாசாமிக் கொத்தனாரைக் கூப்பிட்டுக் குழாய்மேல் தடிமனாக சிமெண்டு பூசச் சொல்கிறேன், தடித்த சுவர் வெயிலை உள்ளே விடாது, அதேபோல சூட்டை வெளியே விடாது என்றேன். சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். அதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீங்களே முடிவு செய்யுங்கள்.

"மெல்லிசான பைப்புங்க மாமா இது. இதுமேல சிமெண்ட்டப் பூசுனா சூடு கம்மியாப் போகாதுங்க, சாஸ்தியாத்தான் போகும். சிமெண்ட்டு கொஞ்சந்தான் தடுக்கும். ஆனாப் பூசப் பூச வெளிவட்டம் பெரிசாகுது பாருங்க, சூடு தப்பிச்சுப் போற எடமும் பெரிசாகிப் போகுது. ரெண்டுல எது ஜெயிக்குதுன்னுதானுங்க கணக்கே."

அதாவது கம்பளி போர்த்தினால் குளிர் கூடும் என்கிறார். கேட்டால், கம்பளி வேறுங்க, சிமெண்டு வேறுங்க, நான் கண்ணாடிப் பஞ்சு கொண்டுவந்து சுற்றித் தருகிறேன், காசு ஒன்றும் தர வேண்டாம் என்றார். அந்தக் கடைசி வார்த்தையில்தான் நான் உஷாரானேன். ஒன்றும் தர வேண்டாம் என்று கொடுப்பவனை நான் சர்வீஸ் முழுக்க நம்பியதில்லை. சரி, உங்கள் பஞ்சைச் சுற்றினால் சூடு நின்றுவிடுமா என்று மடக்கினேன்.

"நிக்காதுங்க மாமா. எத்தன சுத்துனாலும் போயிட்டேதான் இருக்கும். மெதுவாப் போகும், அத்தனைதானுங்க."

தன் சரக்கு முழுசாக வேலை செய்யாது என்று யாவாரி தானே சொல்வானா? சின்னக் குறையை முதலில் சொல்லிப் பெரிய குறையை மறைக்கிறவர்கள் உண்டு. முதல் தடவை வந்தபோதும் இதேமாதிரிதான், யாரும் கேட்பதற்கு முன்னாலேயே, கல்யாணத்துக்கு அப்புறம் கம்பெனியில் என்னைப் பரோடாவுக்கு மாற்றுவார்கள், மூன்று வருஷமாவது அங்கே இருக்க வேண்டியிருக்கும் என்று சொல்லிப்போட்டார். நீங்கள் அதை நேர்மை என்றீர்கள். நான் அன்றைக்கே மனசில் குறித்து வைத்துக்கொண்டேன்.

ஆகவே மறுவாரம் அவரை மறுபடி வரவழைத்துச் சோதனை வைத்தேன். வாய்ச்சொல்லுக்கு முத்திரை குத்துகிற வழக்கம் எங்கள் இலாக்காவில் இல்லை. என் லிட்டர் அளவையால் ஒரு நிமிஷத்துக்கு எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று அளந்து கொடுத்தேன். கோயமுத்தூரில் காலேஜ்களுக்கு விற்கிற கடையில் வாங்கிய தெர்மாமீட்டரை ஐஸிலும் கொதிக்கிற தண்ணீரிலும் வைத்துச் சரிபார்த்தபிறகு பாய்லரில் அறுபத்தைந்து, விடியற்காலைக் காற்றில் இருபது, குளியலறையில் வந்து விழும்போது நாற்பத்தேழு என்று குறித்துக் கொடுத்தேன். ஐஸ் சோடாக்கடை ஐஸ், அதையும் உடைத்துப் பார்த்துவிட்டுத்தான் நம்பினேன். ஓரங்குலம் சிமெண்டு பூசினால் குளியலறையில் எத்தனை டிகிரி வரும், இப்போதே எழுதிக் கொடுங்கள் என்றேன். கயல்விழி காப்பி கொண்டுவந்து வைத்தாள், மனிதர் அதைத் தொடாமல் பென்சிலைக் கடித்துக்கொண்டு பத்து நிமிஷம் கணக்குப் போட்டார். ஒரு வரி எழுதினார். நிமிர்ந்து என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குனிந்து இன்னும் இரண்டு மூன்று வரி எழுதினார். ஒரே ஒரு எண்ணை எழுத அத்தனை வரி எதற்கு என்று அப்போதே எனக்குத் தட்டியது. காகிதத்தை மடித்து உறையில் போட்டு, அரக்கை உருக்கி ஊற்றி, ஒட்டுமேல் பக்கத்து வீட்டு லட்சுமணசாமியிடமும் ஐயாசாமிக் கொத்தனாரிடமும் சாட்சிக் கையெழுத்து வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினேன். சாவி என் இடுப்பில் இருக்கிறது. குளிக்கும்போதும் அவிழ்ப்பதில்லை.

ஐயாசாமி குழாய்மேல் கோழிவலையைச் சுற்றி ஓரங்குலம் கச்சிதமாகப் பூசினார். ஈரத்தின்மேல் பழி வரக்கூடாது என்று நன்றாகக் காயவிட்டேன். அப்புறம் அதே அறுபத்தைந்தில் பாய்லரை வைத்து, அதே விடியற்காலையில், அதே தெர்மாமீட்டரைக் குளியலறைக் குழாயடியில் பிடித்தால் நாற்பது. நாற்பத்தேழு இருந்த இடத்தில் நாற்பது. எனக்குத் தெர்மாமீட்டர்மேல் சந்தேகம் வந்தது, மறுபடி ஐஸ் வாங்கிச் சோதித்தேன், அது யோக்கியமாகத்தான் இருந்தது. பாய்லர்மேல் சந்தேகம் வந்தது, கரியைச் சுரண்டினேன். உங்கள் தங்கைமேல் சந்தேகம் வந்தது, மாப்பிள்ளை பக்கம் பேசுவதற்காகத் பாய்லர் எரிக்கும் தேங்காய்த் தொட்டியைக் குறைத்துப் போடுகிறாளோ என்று மூன்று நாள் நானே அடுப்படியில் உட்கார்ந்து எரித்தேன். கண்தான் எரிந்தது, நாற்பது நாற்பதாகவே நின்றது.

பிறகு லட்சுமணசாமியைக் கவனிக்க ஆரம்பித்தேன். அவர் தினமும் காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலியைப் போட்டு, முதுகைச் சுவரில் சாய்த்துக்கொண்டு பேப்பர் படிக்கிறார். சுவருக்கு இந்தப் பக்கம் என் வெந்நீர்க்குழாய். என் வீட்டு விறகில் அவர் முதுகு காய்கிறதா இல்லையா? சுவர்மேல் எட்டிப்பார்த்து நயமாகத்தான் கேட்டேன், எத்தனை நாளாக இங்கே உட்காருகிறீர்கள் என்று. பதினொரு வருஷமாக என்றார், குழாய் போட்டே ஒரு வருஷம்தானே ஆகிறது என்று என்னிடமே திருப்பிக் கேட்டார். அதோடு நின்றிருந்தால் விட்டிருப்பேன். "ஆனா அண்ணா, நீங்க சிமெண்ட்டுப் பூசினதுக்கப்பறந்தானுங்க செவுரு நல்லா இதமா இருக்குது. நேத்து என்ற பனியனைக்கூட அதுமேலதான் காயப் போட்டேன்" என்றார். கேட்டீர்களா மச்சான், குற்றவாளி தன் வாயாலேயே சொல்கிறான். பூச்சுக்கு அப்புறம் அவர் பக்கம் சூடு கூடியிருக்கிறது, என் பக்கம் குறைந்திருக்கிறது. மாப்பிள்ளை சொன்னபடி நடக்கவேண்டும் என்பதற்காக இவர் என்னவோ செய்கிறார் என்றுதானே அர்த்தம்? சாட்சிக் கையெழுத்துப் போட்டவரும் இவர்தான் என்பதைக் கவனியுங்கள்.

ஒரு பூச்சு போதவில்லை என்று முடிவு செய்து, ஐயாசாமியைத் திரும்பக் கூப்பிட்டு அதன்மேல் இன்னும் ஓரங்குலம் பூசச் சொன்னேன். குழாய் இப்போது இரண்டு கையையும் சேர்த்துத்தான் பிடிக்க முடியும், அவ்வளவு பருமன். உங்கள் தங்கை வாசற்படியில் நின்று, "ஏனுங்க, போதுமுங்க. தண்ணி வாத்துக்கறதுக்குள்ள என்ற ஒடம்பு வெறச்சுப் போகுதுங்க" என்று சொல்லிப் பார்த்தாள். உனக்காகத்தானே இவ்வளவும் செய்கிறேன் என்று அவள் வாயை அடைத்தேன். காய்ந்தபிறகு நேற்றுக் காலையில் அளந்தேன். முப்பத்தெட்டு.

சிமெண்டு பூசினால் குழாய் குளிரும் என்பதை நம்ப என் புத்தி இடம் கொடுக்கவில்லை. ஆகவே மனிதர்கள்தான் காரணமாக இருக்க வேண்டும். ஐயாசாமி கலவையில் எதையாவது சேர்த்தாரா என்று ஒரு துண்டை உடைத்து மோந்து பார்த்தேன், நாக்கிலும் வைத்துப் பார்த்தேன், சிமெண்டுதான். விசாரித்ததில் அவருக்குச் சொந்த ஊர் காங்கேயம் பக்கம். மாப்பிள்ளைக்கும் காங்கேயம் பக்கம்தான். இதற்குமேல் நான் என்ன எழுத வேண்டும்? ஒரு கொத்தனார், ஒரு பக்கத்து வீட்டுக்காரர், ஒரு இன்ஜினியர், மூன்று பேரும் சேர்ந்து ஒரு ரிட்டயர் ஆன மனிதனை அவன் வீட்டிலேயே வைத்து ஏமாற்றுகிறார்கள். என் வீட்டுக்குள்ளேயும் ஆள் இருக்கிறது என்று எனக்குச் சந்தேகம். நேற்று நான் முப்பத்தெட்டு என்று வாய்விட்டுச் சொன்னபோது, பத்து நாளாகப் பேசாத கயல்விழி அடுக்களையிலிருந்து, "உறையப் பிரிச்சுப் பாருங்கப்பா" என்றாள். அவ்வளவுதான். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தவள்போலச் சொன்னாள்.

நான் இன்னும் பிரிக்கவில்லை. குறையும் என்று வாயால் யாரும் சொல்லிவிடலாம், எத்தனை என்று எழுதுவது வேறு விஷயம், அந்த எண் எப்படியும் தப்பாகத்தான் இருக்கும். இந்தக் கடிதத்தை எழுதி முடித்துப் பசை போட்டு ஒட்டியபிறகுதான் உறையைப் பிரிப்பது என்று வைத்திருக்கிறேன். அப்போதுதான் என் தீர்ப்பில் அந்தக் காகிதத்தின் செல்வாக்கு இருக்காது.

மச்சான், உங்களிடம் மறைப்பானேன். இன்று காலையில் உங்கள் தங்கை அடுக்களை அடுப்பிலேயே ஒரு தவலைத் தண்ணீரைக் காய்ச்சி, இடுப்பில் வைத்துக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்துக் குளியலறைக்கு நடந்து போனாள். குழாய் போடுவதற்கு முந்தி எப்படிச் சுமந்தாளோ அப்படியே சுமந்தாள். அது எனக்கு உறைத்தது. இன்னொன்றும் உண்டு. பரோடா இரண்டு நாள் ரயில் பயணம் என்று சொல்கிறார்கள். பாஷை தெரியாது, தயிரில் சர்க்கரை போடுவார்களாம். இந்த வீட்டில் என் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசுகிறவள் கயல்விழி ஒருத்திதான். அவள் போய்விட்டால் நான் யாரைச் சந்தேகப்பட்டு யாரிடம் திட்டு வாங்குவது? இதனால்தான் சம்பந்தத்தை நிறுத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம், குழாய்தான் காரணம். ஆனால் இதையும் எழுதாமல் விட்டால் கல்லுக்கு அடியில் நானே மெழுகு அடைத்த மாதிரி ஆகிவிடும்.

எனவே நாளைத் தள்ளாமல் மாப்பிள்ளை வீட்டாரைப் பார்த்துச் சொல்லிவிடுங்கள். தட்டத்துக்கு வைக்க வெற்றிலை பாக்கு, பழம் ஒன்றும் சொல்லி வைக்க வேண்டாம். உங்கள் வீட்டு அக்காவுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகளுக்கு நோய்நொடி அண்டாமல் இருக்கட்டும், உங்கள் கிணற்றில் தண்ணீர் குறையாமல் இருக்கட்டும், காளைக்கன்று விற்றவன் சொன்ன வயதிலேயே இருக்கட்டும். கடவுள் உங்களுக்கு எல்லாவற்றையும் சரியான எடையில் கொடுப்பாராக.

இப்படிக்கு,
உங்கள் தங்கை வீட்டுக்காரன்,
அரங்கசாமி,
முத்திரை ஆய்வாளர் (ஓய்வு).

பின்குறிப்பு, 30-12-1995: ஒட்டிய கடிதத்தைத் திரும்பப் பிரித்து எழுதுகிறேன். உறையின் ஓரம் கிழிந்திருப்பதைப் பார்த்துத் தபால்காரர்மேல் சந்தேகப்பட வேண்டாம், கிழித்தது நான்தான்.

முந்தாநாள் சாயந்திரம் லட்சுமணசாமியையும் ஐயாசாமியையும் வரவழைத்து, வீட்டில் இருவரையும் பக்கத்தில் நிற்கவைத்து, அரக்கு உடையாமல் இருக்கிறது என்று நால்வரையும் ஒப்புக்கொள்ளச் செய்தபிறகு உறையைப் பிரித்தேன். உள்ளே இருந்ததை ஒரு எழுத்து மாற்றாமல் எழுதுகிறேன்.

"ஒரு பூச்சுக்கு 40.
மாமா இதோடு விடமாட்டார், இன்னொரு பூச்சுப் பூசச் சொல்லுவார். அப்போது 38.
மூன்றாவது பூச்சு வேண்டாம், அத்தைக்கு முழங்கால் தாங்காது. எல்லாவற்றையும் உடைத்துவிட்டு ஓரங்குலம் பஞ்சு சுற்றினால் 61."

மச்சான், முப்பத்தோரு வருஷத்தில் எத்தனையோ ஆயிரம் கல்லைத் தராசில் வைத்திருக்கிறேன், ஒரு குன்றிமணி அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ சாயாமல் முள் நேராக நின்ற கல்லை விரல்விட்டு எண்ணலாம். காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தேன். பிறகு, நான் இரண்டாம் பூச்சுப் பூசுவேன் என்று இவருக்கு எப்படித் தெரியும், வீட்டுக்குள் யாரோ தகவல் கொடுத்திருக்கிறார்கள் என்று ஒரு சத்தம் போட்டேன். உங்கள் தங்கை, "ஏனுங்க, உங்களப் பத்து நிமிசம் பாத்தவங்களுக்கு அது தெரியாதுங்களா?" என்றாள். ஐயாசாமி மேலே பார்த்தார், லட்சுமணசாமி கீழே பார்த்தார், கயல்விழி சிரித்துக்கொண்டே வந்து என் கையிலிருந்து காகிதத்தை வாங்கிக்கொண்டாள்.

நேற்று, நான் சொல்லியனுப்பி, மாப்பிள்ளை பஞ்சைக் கொண்டுவந்தார். ஐயாசாமி பூச்சை உடைக்க உடைக்க அவரே உட்கார்ந்து சுற்றினார், நான் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன். இன்று காலையில் குளியலறைக்குள் முதலில் உங்கள் தங்கையை விடாமல் தெர்மாமீட்டரை விட்டேன். அறுபத்தொன்று. லட்சுமணசாமி மட்டும் சுவர் ஜில்லென்று ஆகிவிட்டது என்று வருத்தப்படுகிறார், அவரிடம் இனிமேல்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

ஆகவே மேலே எழுதியபடி ஒன்றும் செய்ய வேண்டாம். தை ஏழாம் தேதியே தட்டம் மாற்றிக்கொள்ளலாம், நீங்களும் அக்காவும் ஆறாம் தேதியே வந்துவிடுங்கள். ஒரே ஒரு காரியம் மட்டும் எனக்காகச் செய்யுங்கள். கல்யாணத்தை மாசியில் வைக்கலாம் என்று அவர்கள் கேட்கிறார்கள், அதை வைகாசிக்குத் தள்ளிப் பேசி முடியுங்கள். காரணம் கேட்டால், போகத்தான் போகிறாள், கொஞ்சம் மெதுவாகப் போகட்டும் என்று மாமா சொன்னார் என்று சொல்லுங்கள். மாப்பிள்ளைக்குப் புரியும்.